மெட்டல் டிடெக்டர் வேணும்னு பையன் பிடிவாதம்: அனுபவம் உள்ளவங்க வழி சொல்லுங்க

மெய்ட்ஸ்டோன்_மாமா

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கெண்ட் பக்கம் இருக்கோம், சொந்த ஊர் திருமங்கலம். பையனுக்கு 13 வயசு. போன மாசம் ஸ்கூல்ல பிரிட்டிஷ் மியூசியம் கூட்டிட்டுப் போனாங்க. அங்க சஃபோக்ல மண்ணுக்குள்ள கிடைச்ச ரோமானியக் காலத்து ஹாக்ஸன் புதையலைப் பாத்துட்டு வந்ததுல இருந்து மெட்டல் டிடெக்டர்னு ஒரே பேச்சு. பிறந்தநாளுக்கு வேற எதுவும் வேண்டாங்கறான். ஆன்லைன்ல பாத்தா 40 பவுண்டுல இருந்து ஆயிரத்துக்கு மேல வரைக்கும் இருக்கு. எதை வாங்கறது? எங்க போய்த் தேடறது? பக்கத்துல இருக்கற பார்க்ல தோண்டலாமா? எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொன்னா புண்ணியமாப் போகும்.

அமராவதி_மணல்

மாமா, பையனுக்கு வந்திருப்பது நல்ல ஆசை. நான் சஃபோக்கில் பன்னிரண்டு வருடமாகத் தேடுகிறேன். பிறந்தது கரூர். ஆற்றில் தண்ணீர் வற்றும் காலத்தில் அமராவதி மணலைச் சலித்துப் பழங்காசு எடுப்பவர்களை வேடிக்கை பார்த்தே வளர்ந்தவன். அந்தப் பைத்தியம் இங்கே வந்த பிறகும் விடவில்லை.

முதலில் பார்க் விஷயம். தோண்டக் கூடாது. இங்கே ஒவ்வொரு அடி மண்ணுக்கும் சொந்தக்காரர் உண்டு. பார்க் என்றால் கவுன்சில் அனுமதி தர வேண்டும், பல கவுன்சில்கள் தருவதே இல்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் என்று அறிவிக்கப்பட்ட நிலத்தில் உரிமம் இல்லாமல் கருவியை இயக்குவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், தோண்டவே வேண்டியதில்லை. வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

ஆகவே கருவி வாங்கும் முன் நிலம் தேடுங்கள். விவசாயியின் வீட்டுக் கதவைத் தட்டி நேரில் கேளுங்கள். அறுவடை மும்முரத்தில் போகாதீர்கள். பையனையும் கூட்டிப் போங்கள். எனக்கு ஆறு பண்ணைகளில் கதவைச் சாத்தினார்கள், ஏழாவதில் ஒரு பெரியவர் தேநீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். இன்றுவரை அவர் நிலம்தான். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கிடைப்பதில் ஆளுக்குப் பாதி என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பணம் வந்த பிறகு பேசினால் நட்பு போய்விடும். நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங் அமைப்பில் சேர்ந்தால் மூன்றாம் தரப்புக் காப்பீடும் சேர்ந்தே வரும். விவசாயி கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

மெய்ட்ஸ்டோன்_மாமா

ரொம்ப நன்றிங்க. நான் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். கருவி பத்தியும் சொல்லுங்களேன்.

அமராவதி_மணல்

சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

கருவியின் அடியில் தட்டு மாதிரி இருக்கும் பகுதிக்குக் காயில் என்று பெயர். அதற்குள் இரண்டு சுற்றுக் கம்பிகள். ஒன்று மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதுவும் தன் பங்குக்கு ஒரு மெல்லிய புலத்தைத் திருப்பி விடுகிறது. இரண்டாவது கம்பி அதைக் கேட்கிறது. போனதற்கும் வந்ததற்கும் இடையே உள்ள பிசகை வைத்துக் கருவி ஓர் எண் காட்டும். இரும்புக்கு அடிமட்ட எண், வெள்ளிக்கும் செம்புக்கும் உயர்ந்த எண். தங்க மோதிரம் இடையில் எங்கோ விழும். வம்பு அங்கேதான். பானக் கேனின் வளையமும், கசங்கிய அலுமினியத் தாளும் அதே இடத்தில்தான் விழும். "குப்பை எண்" என்று அதை அடைத்து வைத்தால் தங்கத்தையும் சேர்த்தே அடைத்துவிட்டீர்கள் என்று பொருள். முதல் வருடம் பையன் எல்லாவற்றையும் தோண்டட்டும். காது அப்படித்தான் பழகும்.

40 பவுண்டுக்கு விற்பது விளையாட்டுச் சாமான். நான்கு விரற்கடைக்குக் கீழே அதற்கு எதுவும் கேட்காது, பையன் ஒரே வாரத்தில் வெறுத்துவிடுவான். தொடங்குபவருக்கு நோக்டா கம்பெனியின் சிம்ப்ளெக்ஸ் அல்லது மைன்லேப் வான்குவிஷ் போதும். சிம்ப்ளெக்ஸ் 12 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் ஓடுவது. வயலுக்கு நன்றாக இருக்கும். கடற்கரைக்கும் போவதாக இருந்தால் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் ஓடுவது தேவை, வான்குவிஷ் அந்த வகை. எக்ஸ்பி டியஸ், மைன்லேப் எக்வினாக்ஸ் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முகம் தெரியாத இணையக் கடைகளில் பாதி விலைக்கு வாங்க வேண்டாம், பெயர் போன கருவிகளுக்கெல்லாம் போலி உண்டு.

மிச்சக் காசில் ஒரு பின்பாயின்டர் வாங்குங்கள். கேரட் அளவில் கைக்குள் அடங்கும், குழிக்குள் விட்டால் பொருளை நெருங்க நெருங்க அதிரும். இது இல்லாதவர்கள் ஒரு பொத்தானுக்காக அரை மணி நேரம் மண்ணைப் பிசைவார்கள். ஒடுக்கமான மண்வெட்டி ஒன்று, ஹெட்ஃபோன் ஒன்று. அவ்வளவுதான்.

இனி கை வேலை. காயில் தரையோடு தரையாக, ஒரே உயரத்தில் போக வேண்டும். பெரும்பாலோர் ஊஞ்சல் மாதிரி வீசுவார்கள், இரண்டு ஓரத்திலும் காயில் மேலே எழும்பிவிடும். அந்த இடமெல்லாம் தேடாத இடம்தான். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூடட்டும். ஒலி கேட்டால் நின்று, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் இரண்டிலும் கேட்கிறதா பாருங்கள். பிறகு நீங்கள் கால் வட்டம் நகர்ந்து நின்று மறுபடி வீசுங்கள். அப்போது ஒலி உடைந்தாலோ வேறு பக்கம் தாவினாலோ பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி. எந்தப் பக்கம் நின்றாலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, சிறியதாக, உருண்டையாகக் கேட்டால் மண்வெட்டியை எடுங்கள்.

புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி நான்காவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டு, புல்லைப் புத்தகம் போல் மடித்துத் திறக்க வேண்டும். எடுத்த மண்ணை ஒரு துணியில் கொட்டுங்கள். பொருள் கிடைத்த பிறகும் குழிக்குள் இன்னொரு முறை கேளுங்கள். பிறகு மண்ணைப் போட்டு, புல்லை மூடி, காலால் மிதியுங்கள். மறுநாள் விவசாயி வந்து பார்த்தால் எங்கே தோண்டினீர்கள் என்று தெரியக் கூடாது. ஒரு மாட்டின் கால் குழியில் இறங்கினால் அந்த ஊரில் யாருக்கும் இனி அனுமதி கிடைக்காது.

பனங்கிழங்கு

அமராவதி அண்ணை வடிவா விளங்கப்படுத்தியிருக்கிறார். நான் கடற்கரைதான். எஸ்ஸெக்ஸில இருக்கிறன், எட்டு வருசமா விடியக்காலமை மணலுக்குள்ளதான் என்ர சீவியம்.

வயலுக்கும் கடலுக்கும் நிறைய வித்தியாசம். உப்புத் தண்ணியில ஊறின மணலே மின்சாரத்தைக் கடத்தும். ஒரே அலைவரிசை மெசின் ஈர மணலில சும்மா சும்மா கத்தும். அதுக்குத்தான் பல அலைவரிசை, இல்லாட்டி பல்ஸ் வகை. வத்து, அதாவது கடல் தண்ணி வத்தியிருக்கிற நேரம் பாத்துப் போகவேணும். பெரிய காத்தடிச்ச அடுத்த நாள் கடல் மணலை அரிச்சு ஒரு படி மாதிரி வெட்டி வைச்சிருக்கும். அந்தப் படிக்குக் கீழ பாருங்கோ. ஈயக்குண்டும் பழைய சல்லிக்காசும் ஒரே கோட்டில ஒதுங்கியிருந்தா, பாரமான சாமானெல்லாம் அங்கதான் சேர்ந்திருக்கு எண்டு அர்த்தம். குளிர் தண்ணியில விரல் சுருங்கும், மோதிரம் கழரும்.

ஒண்டு சொல்லவேணும். போன ஆடி மாசம் கேம்பர் சாண்ட்ஸில ஒரு இந்தியத் தமிழ்ப் பிள்ளையின்ர தாலிச் சங்கிலி அறுந்து விழுந்திட்டுது. மகளைத் தூக்கேக்க சின்னன் கையால பிடிச்சு இழுத்திருக்கு. இடுப்பளவு தண்ணி. தெரிஞ்ச ஆக்கள் மூலமா என்னைக் கூப்பிட்டவை. நான் போய்ச் சேர ராத்திரி. அந்தப் பிள்ளை காருக்குள்ள இருந்து ஒரு சொல்லும் கதைக்கேல்லை.

அடுத்த நாள் விடிய வத்து. அவை நிண்ட இடத்தைப் புருசன் காட்டினார். முதல்நாள் எடுத்த ஃபோட்டோவில பின்னால தெரியிற கம்பங்களைப் பாத்து இடத்தைச் சரி பிடிச்சம். நான் மணல் அள்ளுற ஸ்கூப்பை இழுத்து இழுத்து மணலில கோடு போட்டன், ஒரு கோட்டுக்கு மற்றக் கோடு ஒண்டரை அடி. கோட்டுக்குக் கோடு நடந்தன். ரெண்டு மணித்தியாலத்தில கேன் வளையம் ஒன்பது, தூண்டில் ஈயம் நாலு, சில்லறைக் காசு. தண்ணி திரும்பி வரத் தொடங்கீட்டுது.

இதை எல்லாரும் தெரிஞ்சு வைச்சிருங்கோ. மெசினுக்குச் சங்கிலி கேக்கிறது மகா கஷ்டம். எவ்வளவு பவுண் தங்கம் எண்டாலும் அதுக்குத் தெரியிறது ஒவ்வொரு சின்ன வளையமும் தனித்தனி. ஒட்டின மோதிரம் மாதிரி பெரிய வட்டமா மின்னோட்டம் சுத்தாது. நம்பாட்டி உங்கட சங்கிலியை வீட்டு நிலத்தில நீட்டி வைச்சுப் பாருங்கோ. அதால நான் தேடினது சங்கிலியை இல்லை, தாலியை. கீழ்மட்ட எண்ணில, மெல்லிசா, கரகரவெண்டு, ஆனா ரெண்டு பக்கமும் மாறாமல் ஒரு சத்தம். வேற நாள் எண்டால் தாள் எண்டு விட்டிட்டுப் போயிருப்பன். ஸ்கூப்பைப் போட்டுத் தூக்கித் தண்ணியில ஆட்டினன். முதல்ல தாலி. பிறகு அதோட இழுபட்டு முழுச் சங்கிலியும்.

அந்தப் பிள்ளை ஓடி வந்து அதை வாங்கிக் கண்ணில ஒத்திக்கொண்டு அப்பிடியே ஈர மணலில இருந்திட்டுது. நான் காசு வாங்கேல்லை. எட்டு வருசத்தில எனக்குக் கிடைச்ச எல்லாச் சாமானிலும் அதுதான் பெரிசு, அதை நான் வீட்டுக்குக் கொண்டு போகேல்லை.

மாமா, கடற்கரையில இந்தக் காலத்து நகை கிடைச்சால் அது தொலைச்ச ஆளின்ர. தேடிக் குடுக்கவேணும், ஆள் தெரியாட்டி பொலிஸில சொல்லவேணும். வைச்சுக்கொண்டால் களவுதான். கடற்கரைக்கும் சொந்தக்காரர் இருக்கினம், அந்தந்தக் கவுன்சிலிட்டைக் கேளுங்கோ. லண்டன் தேம்ஸ் கரை எண்டால் துறைமுக அதிகாரசபையின்ர பெர்மிட் இல்லாமல் கல்லைப் புரட்டிப் பாக்கவும் ஏலாது.

கோவை_தேடல்

படிக்கப் படிக்க ஆசையா இருக்குங்க. எங்க ஊர்ல தோட்டத்துக்குப் பக்கத்துல இடிஞ்ச கோயில் ஒண்ணு இருக்குங்க. ஒருத்தர் கருவி கொண்டு வந்து காட்டுனார். கையில புடிச்சா ஆன்டெனா மாதிரி ரெண்டு கம்பி, தங்கம் இருக்கற திசைக்கு அதுவே திரும்புதுங்க. நூறு மீட்டர் தூரம், பத்து அடி ஆழம் வரைக்கும் தங்கத்தை மட்டும் காட்டுமாம். ஒன்றரை லட்சம் சொல்றாருங்க. வாங்கலாமுங்களா?

அமராவதி_மணல்

தம்பி, தயவுசெய்து வாங்காதீர்கள். நான் மேலே சொன்ன இயற்பியலின்படி, நல்ல மண்ணில் ஒரு காசை நல்ல கருவி ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்தில் பிடிக்கும். கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆழம் கூடக் கூடத் திரும்பி வரும் குறி அதலபாதாளத்துக்குப் போய்விடும். நூறு மீட்டர் தள்ளி இருக்கும் தங்கத்தை மட்டும் தனியாக முகர்ந்து காட்டும் கருவி உலகத்தில் இல்லை. கம்பி திரும்புவது பிடித்திருப்பவரின் மணிக்கட்டு லேசாகச் சாய்வதால்.

இது வெறும் பண நஷ்டத்தோடு போகிற விஷயம்கூட இல்லை. கோல்ஃப் பந்து தேடும் பொம்மை என்று விற்ற இதே மாதிரி ஆன்டெனாக் கருவியைத்தான், ஏடிஇ 651 என்று பெயர் மாற்றி, வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக்குக்கு விற்றார்கள். சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை விட்டார்கள். விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் லண்டனில் 10 ஆண்டுச் சிறை. நம் ஊரில் ரைஸ் புல்லிங் கலசம், இரிடியம் என்று குடும்பங்களை மொட்டையடிக்கிறார்களே, அந்தக் கூட்டத்தின் இன்னொரு கைதான் இது.

கோயில் பக்கம் தோண்டுவதை மறந்தே விடுங்கள். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தர வேண்டும். நூறு ஆண்டு கடந்த பொருளுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் வேறு. இங்கே இருப்பது போல் பொழுதுபோக்காகத் தேடிப் பதிவு செய்யும் ஏற்பாடு அங்கே இல்லை. ஏதாவது கண்ணில் பட்டால் தொட வேண்டாம், தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள்.

கோவை_தேடல்

முன்பணம் 20,000 கேட்டுட்டு இருக்காருங்க. நல்லவேளை கேட்டேன். ரொம்ப நன்றிங்கண்ணா.

குழி_எண்_7

நான் தொல்லியல் படிக்கிறேன். தாலி மீட்ட கதை மனதைத் தொட்டது. ஆனால் மொத்தத்தில் இந்தப் பொழுதுபோக்கு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஒரு காசு எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில், எப்படிக் கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் வெள்ளித் துண்டு. இங்கிலாந்திலேயே 2015இல் ஹெர்ஃபோர்ட்ஷையரில் வைக்கிங் காலப் புதையலை இருவர் எடுத்து மறைத்து விற்றார்கள். 2019இல் சிறைக்குப் போனார்கள். சுமார் 300 காசுகள் இருந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் மீண்டது 31. மற்றவை எங்கே?

அமராவதி_மணல்

தங்கையே, நீங்கள் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். இரவில் டார்ச் அடித்து அடுத்தவர் நிலத்தில் தோண்டுபவர்கள் மேல் எனக்கு உங்களைவிடக் கோபம். என் பெரியவரின் வயலிலேயே ஒரு முறை முப்பதுக்கு மேல் மூடாத குழிகள். என்ன எடுத்தார்கள் என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது, நானும் கையில் அதே கருவியை வைத்திருப்பவன் என்பதால்.

ஆனால் மாமாவின் பையன் பார்த்த ஹாக்ஸன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 நவம்பர் 16. எரிக் லாஸ் என்ற ஓய்வுபெற்றவர் தேடப் போனது புதையலை இல்லை, விவசாயி தொலைத்த ஒரு சுத்தியலை. வெள்ளிக் கரண்டியும் காசுகளும் கொத்துக் கொத்தாக வரத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். தகவல் சொன்னார்கள். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து எடுத்தார்கள். அதனால்தான் அது மரப் பெட்டிக்குள் அடுக்கி வைத்துப் புதைத்தது என்று நமக்குத் தெரிகிறது. 15,000க்கு நெருக்கமான ரோமானியக் காசுகள், 17.5 லட்சம் பவுண்டு மதிப்பு. சுத்தியலும் கிடைத்தது, அதையும் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் புதையலில் நான்கு மிளகுச் சிமிழ்கள் உண்டு. ஒன்று பெண்ணின் மார்பளவு உருவம், வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசியது. அடியில் இருக்கும் தட்டைத் திருப்பினால் மிளகு விழும், இன்னொரு பக்கம் திருப்பினால் மூடிக்கொள்ளும். ரோமுக்கு மிளகு நம் பக்கத்திலிருந்துதான் போனது. இந்தப் பக்கம் முசிறியில் கப்பலேறிய சரக்கு, அந்தப் பக்கம் சஃபோக்கில் ஒரு பணக்கார வீட்டுச் சாப்பாட்டு மேசை. கரூர் ஆற்றில் நான் பார்த்த ரோமானியக் காசு இந்த வியாபாரத்தின் மறுமுனை. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. அன்று அந்த மனிதர் மேலே மேலே தோண்டியிருந்தால் எல்லாம் ஒரு சாக்குப் பைக்குள் குலுங்கியிருக்கும்.

குழி_எண்_7

இந்த மிளகுச் சிமிழை வகுப்பில் படத்தில் பார்த்திருக்கிறேன், ஊரோடு சேர்த்து யோசித்ததில்லை. நியாயத்துக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும். 1485இல் நடந்த பாஸ்வர்த் போரின் உண்மையான களம் கண்டுபிடிக்கப்பட்டது மெட்டல் டிடெக்டர்களால்தான். வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு ஈயக்குண்டு கிடைத்த இடத்தையும் குறித்து, வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். களம் என்று நம்பி நினைவிடம் வைத்திருந்த மலையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மைல் தள்ளி இருந்தது உண்மையான களம். என் கோபம் கருவி மேல் இல்லை, குறித்து வைக்காத கை மேல்தான்.

மாமா, பையனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எடுத்த இடத்தை மொபைலில் பத்து இலக்க கிரிட் எண்ணாக, அதாவது வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டும் எண்ணாகக் குறிக்கட்டும். ஒவ்வொரு பொருளும் தனி உறையில், உறை மேல் எண். தேய்த்துக் கழுவ வேண்டாம். உழவு தொடாத ஆழத்தில் பானையோ பல காசுகளோ சேர்ந்து தெரிந்தால் கையை எடுத்துவிட்டு ஃபோன் செய்ய வேண்டும்.

மெய்ட்ஸ்டோன்_மாமா

யாருக்கு ஃபோன் பண்றது? எது கிடைச்சா சொல்லணும், எது கிடைச்சா வச்சுக்கலாம்?

குழி_எண்_7

ஒவ்வொரு பகுதிக்கும் எஃப்.எல்.ஓ. என்று ஓர் அலுவலர் இருக்கிறார். போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற திட்டத்தின் ஆள். 1997இல் தொடங்கியது, 15 லட்சத்துக்கு மேல் பொருட்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். பார்த்துப் பதிந்துவிட்டுப் பொருளைத் திருப்பித் தருவார்கள், காசு வாங்க மாட்டார்கள்.

சட்டம் இங்கிலாந்துக்கு மட்டும் சொல்கிறேன். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டு கடந்த, எடையில் குறைந்தது 10 சதவீதம் தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள் புதையல். காசு என்றால் ஒன்று தனியாகக் கிடைத்தால் அந்தக் கணக்கில் வராது, ஒரே இடத்தில் இரண்டு சேர்ந்தால் வரும். 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு (கொரோனர்) அறிவிக்க வேண்டும், நடைமுறையில் எஃப்.எல்.ஓ. வழியாகவே செய்யலாம். வெண்கலத் தலைக்கவசம் ஒன்று 2010இல் கிராஸ்பி காரெட்டில் கிடைத்து, தங்கம் வெள்ளி இல்லாததால் சட்டத்துக்குள் வராமல், 20 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. அதனால் 2023இல் 200 ஆண்டு கடந்த, தனிச் சிறப்புள்ள உலோகப் பொருட்களையும் சேர்த்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் இந்தக் கணக்கே இல்லை, பழம்பொருள் எதுவானாலும் அறிவிக்க வேண்டும்.

பனங்கிழங்கு

இன்னொண்டு. போர்க்காலக் குண்டு, செல் மாதிரி ஏதும் தெரிஞ்சால் மண்ணைத் தட்டிப் பாக்க வேண்டாம். தள்ளி நிண்டு 999 அடியுங்கோ. கெண்ட் பக்கம் அது கிடக்கும்.

மெய்ட்ஸ்டோன்_மாமா (ஏழு வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. நாலாவது பண்ணையில அனுமதி கிடைச்சுது, பாட்டி ஒருத்தங்க. எழுதி கையெழுத்து போட்டாச்சு. வான்குவிஷ் வாங்கினோம். கோதுமை அறுத்த தாள் நிக்கற வயல். ரெண்டு சனிக்கிழமை போனோம். முதல் நாள் தோட்டா மூடி 14, அலுமினியத் துண்டு கணக்கே இல்ல, பொத்தான் ரெண்டு, உருண்டையா ஒரு ஈயக்குண்டு. பையன் முகம் வாடலை.

ரெண்டாவது நாள் சாயங்காலம் கிளம்பற நேரத்துல ஒரு சின்னச் சத்தம். அவன் நகர்ந்து நின்னு மறுபடி கேட்டான், அப்படியேதான் இருந்தது. மண் உருண்டைக்குள்ள அரை நிலா மாதிரி ஒரு தகடு. விரல் நகம் கனம்கூட இல்ல. ஒரு பக்கம் ரெட்டைக் கோடு போட்ட சிலுவை ஓரம் வரைக்கும் ஓடுது, மூலையில மூணு மூணு புள்ளி. உடைஞ்ச காசா இது?

அமராவதி_மணல்

உடைந்ததில்லை மாமா, வெட்டியது! அந்த வெட்டு விளிம்பு நேராக இருக்கிறதா பாருங்கள். மூன்றாம் ஹென்றி காலத்து வெள்ளிப் பென்னி, 1247இல் தொடங்கிய நீண்ட சிலுவை வகை. அரைப் பென்னிக்குச் சில்லறை வேண்டும் என்றால் சிலுவைக் கோட்டின் மேலேயே வெட்டிப் பாதியாக்கிவிடுவார்கள். வட்டமான அரைப் பென்னி பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது முதலாம் எட்வர்ட் 1279இல் நாணயத்தைத் திருத்திய பிறகுதான். யாரோ சந்தைக்குப் போகும் வழியில் தவறவிட்டது. ஒற்றைக் காசு, புதையல் இல்லை. ஆனாலும் பதியுங்கள்.

குழி_எண்_7

கிரிட் எண் குறித்தானா?

மெய்ட்ஸ்டோன்_மாமா

நோட்டுல முதல் பக்கமே அதுதான். எஃப்.எல்.ஓ.வுக்கு மெயில் போட்டாச்சு, வர்ற வியாழக்கிழமை மெய்ட்ஸ்டோன்லயே பாக்க வரச் சொல்லியிருக்காங்க. கழுவாம, தீப்பெட்டியில பஞ்சு வச்சு அதுக்குள்ள போட்டிருக்கான். பாட்டிக்கும் கொண்டு போய்க் காட்டினோம். அவங்க கண்ணாடியை மாட்டிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. அவங்க வீட்டுக்காரர் நாப்பது வருஷம் உழுத வயலாம்.